வலி நின்னா போதுமா?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய்னு சொல்றாங்க. மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சதும் வர்ற கேள்வி இது: "ரத்தம் போறது நின்னாச்சு, வலியும் இல்லை. இன்னும் எதுக்கு மாத்திரை, மறுபடி எதுக்கு கொலனோஸ்கோப்பி?"

சிகிச்சையோட இலக்கு என்னன்னு பார்த்தா பதில் கிடைக்கும். சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2015-ல் 'ஸ்ட்ரைட்' என்ற பெயரில் இலக்குகளை வகுத்து, 2021-ல் திருத்தியது. அதில் மூணு படி:

1. அறிகுறிகள் குறையணும்.
2. அறிகுறிகள் முழுசா அடங்கணும். ரத்தத்தில் சிஆர்பி இயல்பு நிலைக்கு வரணும். மலத்தில் கால்புரொடெக்டின் கிராமுக்கு 100–250 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கணும்.
3. குடல் புண் ஆறணும், வழக்கமான வாழ்க்கை திரும்பணும். குழந்தைகளுக்கு வளர்ச்சியும் சரியா இருக்கணும்.

மூணாவது படி ஏன்? வலி அடங்கின பிறகும் உள்ளே புண் இருக்கலாம். குரோன்ஸில் அது வருஷக்கணக்கில் குடலைச் சுருக்கி, அடைப்பு, ஆபரேஷன் வரை கொண்டுபோகும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல் அமைதியா இருக்குன்னு மட்டும் பார்த்துத் தேதி குறிக்கலை. முன்னாடியே ஆளை இறக்கி, பாரில் கிடக்கிற சிப்பியை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு பண்ணாங்க. கொலனோஸ்கோப்பியும் அதே மாதிரிதான்.

நம்ம நாட்டில் இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு: குடல் காசநோய். அறிகுறி, கொலனோஸ்கோப்பி, சதைப் பரிசோதனை எல்லாத்திலும் அது குரோன்ஸ் மாதிரியே தெரியலாம். டாண்டன், பிரகாஷ் என்ற இந்திய மருத்துவர்கள் இரண்டையும் பிரிச்சறியறது பற்றி 1972-லேயே எழுதியிருக்காங்க. இன்னிக்கும் எதுன்னு தெளிவாகலைன்னா, பெரும்பாலும் காசநோய் மருந்தைத்தான் முதல்ல கொடுத்துப் பார்க்கிறாங்க. காரணம், காசநோயைக் குரோன்ஸ்னு நினைச்சு ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாப்போ கொடுத்தா, காசநோய் தீவிரமாகிப் பரவலாம்.

இங்கேயும் வலியை மட்டும் நம்ப முடியாது. குரோன்ஸ் இருக்கிற சிலருக்குக் காசநோய் மருந்திலேயே வலி குறையும். ஆனா புண் பெரும்பாலும் ஆறாது. அதனாலதான் சில மாசத்தில் மறுபடி உள்ளே பார்க்கிறாங்க. பார்க்காம விட்டா, உண்மையான நோய்க்கு மருந்து தொடங்கறது தள்ளிப்போகும்.

எல்லாருக்கும் மூணாவது படி எட்டும்னு சொல்ல முடியாது. வயசு, மற்ற நோய்கள், மருந்துச் செலவு எல்லாம் பார்த்து டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவு பண்ண வேண்டியது அது. ஆனா மருந்தைத் தானா நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இரண்டு கேள்வி கேளுங்க: இப்ப நான் எந்தப் படியில் இருக்கேன்? புண் ஆறிடுச்சான்னு எப்போ, எப்படிப் பார்ப்போம்?