வெட்டுப்பட்ட குழாயும் கெட்டுப்போன காதும்

சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாக எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் இரும்பு அறுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிற தம்பி ஒருவர், தம் கப்சாய் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைக் கழற்றிக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"கொடலை உருவுறேன் அண்ணே! சத்தம் கம்பீரமா இருக்கும், வண்டியும் பறக்கும்."

அந்தக் குடல் சும்மா வைத்ததல்ல, நண்பர்களே. கம்பெனிக் குழாய்க்குள் தடுப்புத் தகடுகளும் துளை போட்ட சிறு குழாயும் இருக்கின்றன. வெடித்து வரும் புகை அவற்றில் முட்டி, விரிந்து, வேகம் தணிந்து வெளியேறும். சத்தமும் அதிலேயே அடங்கும். அதை எடுத்துவிட்டால் சத்தம் கூடுமே தவிர, சின்ன இன்ஜினுக்குப் புதுப் பலம் வந்துவிடாது. (சத்தம் கூடினால் வேகமும் கூடியதுபோல் நமக்குத் தோன்றும், அவ்வளவுதான்!)

நாள் ஒன்றுக்கு 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் எல்லை என்கின்றன நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட, காது தாங்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி நேரம். 100க்கு வெறும் கால் மணி நேரம். குடல் உருவிய குழாய்க்குப் பக்கத்தில் 100ஐத் தொடுவது பெரிய காரியமில்லை.

பகலெல்லாம் காதோரம் மெஷின் அலறுகிறது. மாலையிலாவது அந்தக் காதுக்கு ஓய்வு வேண்டாமா? உட்செவியில் நுண்ணிய மயிர்போன்ற உயிரணுக்கள் உண்டு. சீவிய பால்மரப் பட்டை மறுபடி வளரும். இவை செத்தால் முளைக்காது. வலியும் இருக்காது, இரத்தமும் வராது. இரவில் காதுக்குள் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். பிறகு மனைவி பேசுவது கேட்கும், என்ன பேசினாள் என்பது புரியாது. "ஏன் வாய்க்குள்ளேயே பேசுறே?" என்று வீட்டில் சண்டை வரும்.

வேலை இரைச்சலால் காது கெட்டால் சொக்சோவில் கோரிக்கை வைக்க வழி உண்டு. ஆசைக்கு அறுத்த குழாயால் கெட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னும் சில ஆபத்துகள். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை ஒட்டுப்போட்டுப் பற்றவைத்தால், அந்தப் புகையால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். அடைத்த கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் பார்க்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும். சூட்டுத் தகட்டைக் கழற்றிவிட்ட குழாயில் பிள்ளைகளின் கால் பட்டால், 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் வேண்டாம்.

"பாதி அறுத்தாச்சே அண்ணே" என்றார் தம்பி. பழைய கம்பெனிக் குழாய் ஒன்றைப் பட்டறையில் தேடச் சொன்னேன். அப்படியே ஆபீசில் காதுப் பரிசோதனையும் கேட்கச் சொன்னேன். எல்லை மீறிய இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு அதைச் செய்துகொடுப்பது, அதே 2019 விதிகளின்படி, முதலாளியின் பொறுப்பு. திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.