நடைப்பயணத்துக்கு ஏற்ற காலணி எது?

ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணிப் பாதயாத்திரிகர்கள் காவி உடையில் கடலூர், சிதம்பரம் வழியாகச் சாரை சாரையாகச் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் பெருவிழா. சென்னையிலிருந்து வருவோருக்கு இது 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. நம் வணிகர் குடும்பங்களிலும் வேளாங்கண்ணி, பழநி, சதுரகிரி என்று நடந்து போவோர் உண்டு. பயணத்தைப் பாதியில் நிறுத்த வைப்பது பெரும்பாலும் களைப்பு அன்று. காலில் வரும் கொப்புளமே. எனவே காலணியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே தருகிறோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். அதற்குள் ஒருவர் ஏறக்குறைய 60,000 அடி வைக்கிறார். ஓரிடத்தில் சிறிது உரசினாலும் அது அத்தனை முறை உரசும். ஆகவே புதுச் செருப்புடன் புறப்படக் கூடாது. மூன்று வாரம் முன்பே வாங்கி, தினமும் போட்டுப் பழக்க வேண்டும்.

மாலையில் வாங்குவதே நல்லது. நாள் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மட்டும் ஆடக் கூடாது.

வெயிலில் காயும் தார்ச்சாலைக்குக் கனமான அடியும் பின்பட்டையும் உள்ள சாண்டல் ஏற்றது. மாலை மழையில் நனைந்தாலும் விரைவில் காயும். ரப்பர் செருப்பு குளிக்கவும் ஓய்வெடுக்கவும் போதும். நெடுநடையில் அதன் வார் விரலிடுக்கை அறுக்கும். மலைக்கு, அடியில் பள்ளமும் மேடும் உள்ள, கயிறு கட்டும் ஷூ வேண்டும். இறங்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டாவிட்டால் விரல்கள் முன்பக்கம் மோதி நகம் கறுக்கும். பாலைவன மணலுக்கு, மணல் புகாத மூடிய, எடை குறைந்த ஷூவே நல்லது. ஷூ அணிவோர் இரண்டு மூன்று ஜோடி காலுறை வைத்துக்கொண்டு, ஈரமானதும் மாற்ற வேண்டும். ஈரத்தோல் எளிதில் உரியும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனி எச்சரிக்கை. நாள் முழுதும் கல்லாவில் இருக்கும் நம்மில் பலருக்கு இந்நோய் உண்டு. பாதம் மரத்துப் போனவருக்குத் தார் சுடுவதும் ஆணி குத்துவதும் தெரியாது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்கள் புண்ணாவதற்கு அழுத்தமும் காயமுமே முக்கியக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் இதுவே பொருந்தும். இவர்கள் மருத்துவரைக் கேட்டு, எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அணிவது நலம். இரவில் உள்ளங்காலைப் பார்க்காமல் படுக்கக் கூடாது. வெறுங்காலுடன் நடக்க நேர்ந்துகொண்டவர்கள், நேர்ச்சையை வேறு வகையில் நிறைவேற்றலாமா என்று பெரியவர்களைக் கேட்கலாம்.

யாத்திரைப் பாதையில் கடை வைத்திருப்போர் அந்த நாட்களில் பஞ்சு, பிளாஸ்டர், வாசலின், காலுறை ஆகியவற்றைச் சிறு அளவில் வாங்கி வைக்கலாம். செருப்பும் விற்பவர்கள், வீங்கிய காலுடன் வருபவருக்கு இறுக்கமான ஜோடியைத் தள்ளிவிட வேண்டாம். ஓர் அளவு பெரியதைக் கொடுங்கள். சுகமாய் ஊர் சேர்ந்தவர் அடுத்த ஆண்டும் நம் கடையைத் தேடி வருவார்.