இரண்டு சிப் வம்சங்களும் ஒரு லேப்டாப்பும்

ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007லேயே கம்ப்யூட்டர் ஆலை திறந்துவிட்டது. எச்பி லேப்டாப்கள் 2021 முதல் அங்கேயே ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகின்றன. கொஞ்சம் தள்ளி, சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானில் ஐபோன் தயாராகிறது. ஷிப்ட் பஸ்ஸில் போகிறவருக்கு எல்லாம் ஒரே மாதிரி கட்டடங்கள்தான். ஆனால் லேப்டாப்பில் பெரும்பாலும் உட்காரும் இன்டெல், ஏஎம்டி சிப்கள் ஒரு வம்சம். ஐபோன் சிப் வேறு வம்சம். முன்னது 1978இல் வந்த 8086இன் வாரிசு, பெயர் எக்ஸ்86. பின்னது ஆர்ம்.

இத்தனை காலம் லேப்டாப் வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு விண்டோஸ் லேப்டாப்கள் கடைக்கு வந்தபின் தேவைப்படுகிறது. அது ஆர்ம்.

சிப்புக்குப் புரிவது தன் வம்சத்துக் கட்டளைகள் மட்டும். எக்ஸ்86 கட்டளை ஒரு பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட் வரையும் நீளலாம். ஒரு கட்டளை எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதே சிப்புக்குத் தனி வேலை. இடைவெளியே விடாமல் எழுதிய ஓலைச்சுவடியைப் பிரித்துப் படிக்கிற மாதிரி. 64 பிட் ஆர்மில் எல்லாக் கட்டளைக்கும் கச்சிதமாக 4 பைட், அந்தத் தேடல் இல்லை.

ஆர்ம் மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிப்பதற்கு ஆரம்பக் காரணம் காசுதான். கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் சிப்பை மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க நினைத்தது. அதற்குச் சூடு குறைய வேண்டும், ஒரு வாட்டுக்குள் அடங்க வேண்டும். 1985இல் முதல் சிப் வந்தது. வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர் அது இழுக்கும் மின்னோட்டத்தை அளந்தார். அம்மீட்டரில் பூஜ்யம்! சிப்போ ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால், போர்டில் சிப்புக்கான மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. சிக்னல் கால்கள் வழியே கசிந்த மின்சாரமே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது.

சரி, பழைய எக்ஸ்86 மென்பொருள் ஆர்ம் லேப்டாப்பில் ஓடுமா? பெரும்பாலும் ஓடும். விண்டோஸில் பிரிசம் என்ற மொழிபெயர்ப்பி இருக்கிறது. அது கட்டளைகளை ஓடும்போதே துண்டு துண்டாக மாற்றி, மாற்றியதைச் சேமித்தும் வைத்துக்கொள்ளும். கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். சிக்கல் டிரைவரில். பிரின்டரையும் பாதுகாப்பு டாங்கிளையும் இயக்கும் டிரைவர்கள் விண்டோஸின் அங்கமாகவே ஓடுபவை. பிரிசம் அங்கே எட்டாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் கருவி சும்மா கிடக்கும்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஆலைகளின் பராமரிப்புப் பிரிவில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப் ஒன்று பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். மெஷினைக் கட்டுப்படுத்தும் பழைய பிஎல்சி கருவியோடு பேச அதுதான் வேண்டும். எந்த லேப்டாப் எவ்வளவு புதுசு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மெஷினோடு பேசுமா என்பதே கேள்வி. லேப்டாப் வாங்கும் டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவரும் அதைத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

மாற்றம் முடியட்டும் என்று காத்திருக்கலாமா? 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போன முந்தைய மாற்றத்தைப் பாருங்கள். ஏஎம்டி 64 பிட் சிப்பை 2003இல் கொண்டுவந்தது. விண்டோஸ் தன் 32 பிட் பதிப்பைக் கைவிட்டது 2021இல், விண்டோஸ் 11 வந்தபோதுதான். ஆப்பிள் மட்டும் இன்டெலிலிருந்து சொந்த ஆர்ம் சிப்புக்கு 2020க்கும் 2023க்கும் நடுவில் மாறி முடித்தது. சிப்பும் மென்பொருளும் ஒரே கையில் இருந்ததால் முடிந்தது. விண்டோஸ் உலகில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி. அதனால் காத்திருப்பது வீண்.

டைப்பிங், ஆன்லைன் வகுப்பு, நாள் முழுக்க சார்ஜ் என்றால் ஆர்ம் நல்ல தேர்வு. கேட் (CAD) வரைபடம், பிஎல்சி, பழைய பிரின்டர் என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி. எதுவானாலும் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஆமென்றால் பிறகு கூட்ட முடியாது, 16 ஜிபியாகவே வாங்கிவிடுங்கள்.