மே, ஜூன் மாதங்களில் அலாஸ்கா: வானிலையும் வனவிலங்குகளும்

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ள அலாஸ்காவை, 1867ஆம் ஆண்டில் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா விலைக்கு வாங்கியது. இன்று அதன் தென்கிழக்குக் கரையோரம், உல்லாசக் கப்பல் பயணிகள் பெரிதும் நாடும் கடல்வழிகளுள் ஒன்றாகும். கப்பல்கள் ஏப்ரல் இறுதி முதல் அக்டோபர் வரை இயங்குகின்றன. நம் நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வருவதால், இந்தியக் குடும்பங்கள் அப்பருவத்தின் தொடக்கத்திலேயே அங்குச் செல்ல நேர்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைவிட மே மாதத்தில் கட்டணம் பொதுவாகக் குறைவு என்பதும் ஒரு காரணம்.

பயண விளம்பரங்களில் சால்மன் மீனைக் கவ்வும் கரடி, நீரிலிருந்து துள்ளி எழும் திமிங்கலம், வானில் ஒளிரும் வடதுருவ ஒளி ஆகிய மூன்றும் அருகருகே அச்சாகியிருக்கும். இயற்கை இவற்றை ஒரே மாதத்தில் காட்டுவதில்லை. பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிடும் முன், கோடையின் தொடக்கத்தில் எவற்றைக் காணலாம், எவற்றைக் காண இயலாது என்பதை அறிந்துகொள்வது நலம்.

மழையும் குளிரும்

அலாஸ்கா என்றதும் உறைபனியே நினைவுக்கு வரும். ஆனால், கப்பல்கள் செல்லும் தென்கிழக்குப் பகுதி, பசிபிக் கடலின் வெப்பம் தணிக்கும் மிதமான மழைக்காட்டுப் பகுதியாகும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, கரையை ஒட்டி எழும் மலைத்தொடரில் மோதி மழையாகப் பொழிகிறது. கெட்சிகன் நகரில் ஆண்டு மழையளவு 3,500 மில்லிமீட்டரைத் தாண்டும். மலைகளின் மறைவில் உள்ள ஸ்காக்வே நகரிலோ அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே பெய்கிறது. ஒரே பயணத்தில் இவ்விரு துறைமுகங்களிலும் கப்பல் நிற்பதுண்டு.

குளிர்காலத்தில் அலாஸ்கா வளைகுடாவில் வலுவாக நிலைகொள்ளும் காற்றழுத்தத் தாழ்வு, வசந்த காலத்தில் வலுவிழக்கிறது. எனவே ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களே இப்பகுதியில் மழை குறைந்தவை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களே மழை மிகுந்தவை. மழை குறைவு என்பதற்கு மழையே இல்லை என்பது பொருளன்று. தலைநகர் ஜூனோவில் மே மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக 14 டிகிரி செல்சியஸ் அளவிலும், இரவு வெப்பநிலை 5 டிகிரி அளவிலும் இருக்கும். ஜூனில் இவை ஓரிரு டிகிரி முதல் நான்கு டிகிரி வரை உயரும். பனியாற்றின் அருகே கப்பல் சென்றதும், பனியின் மேல் குளிர்ந்து கனத்த காற்று கீழ்நோக்கி வீசுவதால், மேல்தளத்தில் கடுங்குளிரை உணரலாம்.

கப்பல்வழியின் பெரும்பகுதி தீவுகளின் மறைவில் செல்வதால் அலைகளின் தாக்கம் குறைவு. வடக்கே சீவர்டு அல்லது விட்டியர் துறைமுகம் வரை செல்லும் கப்பல்கள் திறந்த வளைகுடாவைக் கடக்க வேண்டும். அப்போது கப்பல் ஆட்டம் காணக்கூடும். குமட்டலுக்கு ஆளாவோர் மருத்துவரைக் கலந்து மருந்து எடுத்துச் செல்லலாம்.

நீண்ட பகல்

ஜூன் 21 அன்று ஜூனோவில் பகற்பொழுது 18 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்பே உதிக்கும் சூரியன், இரவு பத்து மணிக்குப் பின்னரே மறைகிறது. ஆயினும் நள்ளிரவுச் சூரியனை இங்குக் காண இயலாது. அதற்கு ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே செல்ல வேண்டும். அதேபோல், வானம் முழுமையாக இருளாத இக்காலத்தில் வடதுருவ ஒளியையும் எதிர்பார்க்க முடியாது. அதற்காகவே செல்ல விரும்புவோர், இருண்ட இரவுகள் திரும்பும் மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பனியாறுகள்

மே மாதத்தில் மலைமுகடுகளில் குளிர்காலப் பனி இன்னும் கலையாதிருக்கும். அது உருகத் தொடங்குவதால், செங்குத்தான பாறைச் சரிவெங்கும் அருவிகள் பாயும். கிளேசியர் பே தேசியப் பூங்கா இவ்வழியின் சிறப்புமிக்க இடமாகும். ஹூனா டிலிங்கிட் மக்களின் தாயகமான இந்த விரிகுடாவை 1794இல் வான்கூவரின் ஆய்வுக்குழு கண்டபோது, அது ஏறத்தாழ முழுவதும் பனியால் மூடப்பட்டிருந்தது. 1879இல் ஜான் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல்கள் சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே சென்றே பனியாற்றின் முகப்பை அடைகின்றன. நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கே அனுமதி.

வட அமெரிக்காவில் கடலைத் தொடும் பனியாறுகளுள் பெரியதான ஹப்பார்டு, சுமார் 120 கிலோமீட்டர் நீளமுடையது. பிற பனியாறுகள் சுருங்கிவரும் வேளையில் இது முன்னோக்கி நகர்ந்து வருகிறது. பருவத் தொடக்கத்தில் முகப்பின் முன்னே பனிக்கட்டிகள் அடர்ந்து மிதந்தால், கப்பல் தொலைவிலேயே திரும்பிவிடும். மாலுமியின் இம்முடிவு பயணிகளின் பாதுகாப்புக்கானது.

கடலில் வாழ்வன

கூன்முதுகுத் திமிங்கலங்கள் குளிர்காலத்தை ஹவாய் போன்ற வெப்பக் கடல்களில் கழிக்கின்றன. அங்கே அவை உணவு ஏதும் பெரிதாக உண்பதில்லை. வசந்தத்தில் சுமார் 4,800 கிலோமீட்டர் நீந்தி, ஹெர்ரிங் மீன்களும் கிரில் என்னும் சிற்றுயிர்களும் செறிந்த அலாஸ்காக் கடலை அடைகின்றன. மே மாதத்திலேயே இவற்றைக் காணலாம்; ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எண்ணிக்கை மிகும். சில வேளைகளில் பல திமிங்கலங்கள் ஒன்றுகூடி, மீன்கூட்டத்தைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளால் வலை போல வளைத்து, பின்னர் வாயைத் திறந்தபடி மேலெழும். சட்டப்படி படகுகள் இவற்றுக்கு 100 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது.

மே, ஜூன் மாதங்களில் கடல்நாய்கள் மிதக்கும் பனிக்கட்டிகளின் மேல் குட்டி ஈனுகின்றன. அச்சமுற்ற தாய் நீரில் பாய்ந்தால் குட்டி தனித்துவிடும். இதனால்தான் கிளேசியர் பேயின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நீர்வழி, மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை உல்லாசக் கப்பல்களுக்கு மூடப்படுகிறது. மல்லாந்து மிதக்கும் கடல் நீர்நாய்களையும் எளிதில் காணலாம். மென்மயிர்த் தோல் வணிகத்தால் இப்பகுதியில் முற்றிலும் அழிந்த இவ்வினம், 1960களில் பிற இடங்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகியுள்ளது.

கரையிலும் வானிலும்

குளிர்கால உறக்கம் நீங்கிய கரடிகள், மேல்மலையில் பனி உருகாததால் கடற்கரைக்கு இறங்கி வருகின்றன. நீர் வற்றும் நேரத்தில் கோரைப்புல்லை மேய்ந்தும், பாறைகளில் ஒட்டிய சிப்பிகளைத் தின்றும் திரிகின்றன. சால்மன் மீன்கள் பெருமளவில் ஆற்றில் ஏறுவது ஜூலைக்குப் பிறகே என்பதால், கரடி மீன் பிடிக்கும் காட்சி பெரும்பாலும் அப்போதுதான் கிட்டும். ஜூனோவுக்கு அருகிலுள்ள அட்மிரால்டி தீவில் மட்டும் சுமார் 1,600 பழுப்பு நிறக் கரடிகள் வாழ்கின்றன.

வெண்தலைக் கழுகுகள் இப்பருவத்தில் குஞ்சு பொரிக்கும். பிறந்து நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே தலை வெண்மை பெறும். அதுவரை பழுப்பாகவே இருக்கும். வண்ண அலகுடைய பஃபின் பறவைகள் மே மாதத்தில் பாறைத் தீவுகளுக்குத் திரும்புகின்றன. செங்குத்துப் பாறைகளில் வெண்புள்ளிகளாகத் தெரியும் மலை ஆடுகளைப் பைனாகுலர் கொண்டு நோக்கினால், குட்டிகளையும் காணலாம்.

முன்னேற்பாடுகள்

ஒரே தடித்த மேலாடையைவிட, அடுக்கடுக்காக அணியும் கம்பளி ஆடைகளும் நீர்புகாத மேலங்கியும் பயன் தரும். நனைந்த பருத்தி ஆடை எளிதில் உலராது. கையுறை, தொப்பி, பைனாகுலர் ஆகியவை இன்றியமையாதவை.

சியாட்டிலில் புறப்படும் கப்பல்களும் வழக்கமாகக் கனடாத் துறைமுகம் ஒன்றில் நிற்கும். எனவே இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்குப் பொதுவாக இரு நாட்டு விசாக்களும் தேவைப்படும். பலமுறை நுழைய அனுமதி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். மூடுபனியால் சிறு விமான, ஹெலிகாப்டர் உலாக்கள் ரத்தாவது இயல்பு. பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்பதிவின்போதே எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ளுங்கள். தொலைவிலுள்ள துறைமுகத்திலிருந்து நோயாளியை விமானத்தில் கொண்டு செல்லும் செலவு மிக அதிகம். அதற்கு ஈடு தரும் பயணக் காப்பீட்டையே தேர்ந்தெடுங்கள்.

பனி மூடிய மலைகள், அருவிகள், நீண்ட பகல், குறைந்த மழை, இளங்குட்டிகள் ஆகியவற்றை விரும்புவோருக்கு மே பிற்பகுதியும் ஜூனும் ஏற்ற காலம். மீன் பிடிக்கும் கரடியே முதன்மை விருப்பமெனில், ஜூலை இறுதிக்குப் பின் செல்வதே செலவுக்கேற்ற பயன் தரும்.