மலையகப் பாடசாலையும் பிள்ளையின் மனமும்: மீரியபெத்தை உணர்த்தும் உண்மை

மாணாக்கரின் உளநலம் பற்றிப் பேசுவோர் பலர் அதனைத் தனிமனித உள்ளத்துக்குள் மட்டுமே நிகழும் ஒன்றாகக் கொள்வர். தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்கு வராதபோது அக்கறையின்மை என்றும், வகுப்பில் வாய்திறவாதபோது மந்தம் என்றும் பெயரிடுவது இந்நோக்கின் விளைவே. பதுளை மாவட்டப் பெருந்தோட்டங்களின் அனுபவம் இதன் போதாமையைக் காட்டுகின்றது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். வீடும் பெற்றோரும் மண்ணுள் மறைந்ததை அவர்கள் திரும்பி வந்து கண்டனர். இடம்பெயர்ந்தோருக்குப் பாடசாலைகளே புகலிடமாயின. அவ்விடம் அபாயமானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் சொந்த நிலமற்ற தொழிலாளி எங்கே பெயர்வான்? ஆகவே அப்பிள்ளைகளின் துயரை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறி அமைதல் இயலாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறும் அம்மண்ணிற் கலந்தே கிடக்கின்றது.

பாடசாலைச் சமூகப்பணி 1906–1907 காலப்பகுதியில் நியூயோர்க், பொஸ்ரன் முதலிய அமெரிக்க நகரங்களிலே, வீடுதேடிச் செல்லும் ஆசிரியர் என்ற வடிவில் தோன்றியது. குடியேறிய தொழிலாளரின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலிருந்த இடைவெளியே அதற்குக் காரணமாயிற்று. பிள்ளையின் நடத்தைக்குரிய காரணத்தை அதன் வாழ்நிலையில் தேடுவதே இப்பணியின் அடிப்படை எனலாம். நமது பாடசாலைகளில் இப்பொறுப்பின் பெரும்பகுதி ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரைச் சார்ந்துள்ளது. பாடவேளை முடிந்தபின் லயத்துக்கு ஏறிச் செல்லும் ஆசிரியர், மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் தாயையும், தம்பி தங்கையரைப் பராமரிக்கும் மூத்த பிள்ளையையும், படிக்க இடமற்ற ஒற்றைக் காம்பிராவையும் காண்கின்றார். வகுப்பில் மௌனமாகத் தோன்றியதன் பொருள் அங்கேதான் புலனாகின்றது.

எனினும் அவர் காண்பவற்றை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. 1945இன் இலவசக் கல்வி நாட்டின் பிற பகுதிகளில் பரவியபோதும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து அவற்றை அரசு பரவலாகப் பொறுப்பேற்றமை பெரும் மாற்றமாயினும், பல தலைமுறைப் பின்னடைவு அதனால் ஒரேயடியாக அகன்றுவிடவில்லை.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாமும் நம்மைப் பரிசீலித்தல் வேண்டும். கூலி, நிலம், வீடு என்பன தீர்ந்தால் மனத்துயர் தானே தீரும் என்று கருதியமை நமது இயந்திரப் பார்வையாகும். அமைப்பு மாறும்வரை தாயை இழந்த பிள்ளையின் அழுகை காத்திராது. அதேவேளை, ஆறுதல் மொழியோடு நின்றுவிடும் ஆலோசனை அநீதியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவதாகவும் முடியலாம். பிள்ளையின் பேச்சைச் செவிமடுத்தலும், பாதுகாப்பான நிலத்திற் குடியிருக்கும் உரிமைக்காகக் குரலெழுப்புதலும் ஒரே பணியின் இரு கூறுகள். பயிற்சியும் நேரமும் தந்து பாடசாலைதோறும் இப்பணிக்கு உரியவரை நியமிக்கக் கோருதல், மலையகத்தின் நில உரிமைக் கோரிக்கையினின்றும் பிரிக்கவியலாதது.