உப்பு நீரில் ஊறும் சுங்குடி: சாயம் நிலைக்கிறதா, திரள்கிறதா?

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையைக் கல்லுப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்குமா என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஊறவைத்த தண்ணீர் தெளிவாகவே இருந்ததென்று சிலரும், அதே சேலை அடுத்த அலசலில் வாளித் தண்ணீரைச் சிவப்பாக்கியதென்று வேறு சிலரும் எழுதியிருப்பதில் முரண் ஏதுமில்லை.

பருத்திக்கு ஏற்றப்படும் நேரடிச் சாயத்திலும் வினைச்சாயத்திலும் உள்ள மூலக்கூறுகள் தட்டையான உடலும், சல்போனேட் எனப்படும் எதிர்மின்னூட்டத் தொகுதிகளும் கொண்டவை. நீரை ஒதுக்கும் உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ள முயலும்போது, ஒரே மின்னூட்டமுள்ள தொகுதிகள் ஒன்றையொன்று தள்ளி அதைத் தடுக்கின்றன. உப்பிலிருந்து பிரியும் சோடியம் அயனிகள் அத்தொகுதிகளைச் சூழ்ந்து அந்தத் தள்ளுவிசையைத் தணிப்பதால், மூலக்கூறுகள் இரண்டிரண்டாகவும் பின்னர் பெருங்கூட்டமாகவும் சேர்கின்றன, இதுவே திரளுதல். நீரில் நூலும் எதிர்மின்னூட்டம் பெறுவதால், அதே தணிப்பு சாயத்தை நூலிடமும் நெருங்கவிடுகிறது. ஆகவே ஊறல் நீரின் தெளிவு, சாயம் கரைய வழியின்றி நூலில் ஒட்டிக் கிடப்பதற்குச் சான்றே தவிர, பிணைந்துவிட்டதற்குச் சான்றன்று. நல்ல தண்ணீரில் உப்பு கழிந்ததும் அந்தச் சாயமும் கழிகிறது.

இந்த நுட்பத்தைச் சாயப்பட்டறைகள் நன்கறிந்தே கையாள்கின்றன. உப்பை ஒரேயடியாகக் கொட்டினால் திரள்கள் பெருத்து, நூலுக்குள் நுழையாமல் மேலேயே படிந்து திட்டுத்திட்டாகிவிடும் என்பதால், தொட்டியில் அதைத் தவணை தவணையாகச் சேர்க்கிறார்கள். அச்சுச் சாயக்குழம்பில் சேரும் யூரியா இதற்கு நேர்மாறாகத் திரளைக் கலைத்துக் கரைதிறனைக் கூட்டுகிறது. வினைச்சாயத்தை நூலோடு உண்மையில் பிணைப்பது சோடா உப்பின் காரத்தன்மை. பிணையாத மிச்சத்தை அகற்றுவது கொதிக்கும் சோப்புநீர். அந்தச் சோப்புக் கழுவலைக் குறைத்துவிட்டு ‘கலர் கியாரண்டி’ என்று சீட்டு ஒட்டுவது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதி.

இந்த உப்பு கலந்த கழிவுநீரை வெளியே விடுவதில்லை என்று பட்டறைகள் சொல்லும் ‘பூஜ்ய வெளியேற்றம்’ என்ற அறிவிப்பையும் அப்படியே ஏற்பதற்கில்லை. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னர் பரவலாகப் பேசப்பட்ட அச்சொல் நீர் மீட்கப்படுவதைக் குறிக்கிறது. மறுபயனுக்கு உதவாத கலப்பு உப்போ மூட்டைகளில் தேங்குகிறது.

மீண்டும் வீட்டு அலசலுக்கு வந்தால், கல்லுப்பைப் போலவே வினிகரும் வினைச்சாயத்தைப் பருத்தியில் பிணைக்காது. வெந்நீர் திரளைக் கலைப்பதால், ஒட்டாத சாயம் கூடுதலாகக் கழியும். முதல் சில அலசல்களுக்குச் சுங்குடியைத் தனியாகவே நனைக்க வேண்டும்.