குற்றவாளியின் வீடு எங்கே? கணக்கு சொன்ன பதில்!

தோட்டத்துல ஸ்பிரிங்க்ளர் சுத்திட்டிருக்கு. அடுத்த சொட்டு எங்கே விழும்னு சொல்ல முடியாது. ஆனா, நனைஞ்ச புல்லை வெச்சு ஸ்பிரிங்க்ளர் எங்கே இருக்குன்னு சொல்லிடலாம்ல? 'ஜியோகிராஃபிக் புரொஃபைலிங்' முறையை வளர்த்தெடுத்த கனடாவின் முன்னாள் போலீஸ் அதிகாரி கிம் ரோஸ்மோ சொன்ன உதாரணம் இது.

எப்படி வேலை செய்யுது?

தொடர் குற்றவாளிகள் பெரும்பாலும் பழகிய இடங்களில்தான் குற்றம் செய்வார்கள். வீட்டிலிருந்து தூரம் கூடக்கூட குற்றங்கள் குறையும். அதேசமயம், வீட்டுப் பக்கத்திலேயே செய்தால் யாராவது அடையாளம் கண்டுபிடிச்சிடுவாங்க என்ற பயமும் இருக்கும். இந்த இரண்டையும் ஃபார்முலாவாக்கி, மேப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க் போடுகிறது கம்ப்யூட்டர். அது பெயரைச் சொல்லாது. எந்த ஏரியாவில் முதலில் தேடலாம்னு மட்டும் சொல்லும்.

குரலை நம்பிய போலீஸ்

இந்த மாதிரி கணக்கை ஒரு வழக்கில் செய்து பார்த்தார்கள். 1975 முதல் 1980 வரை இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்றவன், 'யார்க்‌ஷயர் ரிப்பர்'. 1979 ஜூனில், 'நான்தான் அவன்' என்று ஒரு டேப் வந்தது. பேச்சு வழக்கை வைத்து, ஆள் சண்டர்லேண்டுக்காரன் என்று முடிவுகட்டியது போலீஸ். அந்த வழக்கில் பேசாதவர்கள் மீதான சந்தேகம் குறைந்தது. டேப்போ போலி. அது வந்த பிறகு மட்டும் 3 பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

1980 டிசம்பரில் தடயவியல் விஞ்ஞானி ஸ்டூவர்ட் கைண்ட், தாக்குதல் நடந்த இடங்களின் 'மையப்புள்ளி'யைக் கணக்கிட்டார். நேரத்தையும் கவனித்தார். தாமதமான இரவில் நடந்தவை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது அவர் லாஜிக். கணக்கு காட்டிய இடம், பிராட்ஃபோர்டு பகுதி.

அடுத்த மாதமே போலி நம்பர் பிளேட்டால் தற்செயலாகச் சிக்கினான் பீட்டர் சட்கிளிஃப். வீடு? பிராட்ஃபோர்டு! அதற்கு முன்பே போலீஸ் அவனை 9 முறை விசாரித்து விட்டிருந்தது.

ஆதாரம் ஆகுமா?

ஆகாது. அதிக மார்க் வாங்கிய ஏரியாவில் அப்பாவிகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். குற்றவாளி வெளியூரிலிருந்து வந்துபோகிறவன் என்றால் கணக்கே தப்பிடும். 'இவன்தான்' என்று தீர்ப்பு சொல்வது இதன் வேலை இல்லை. 'நாம தப்பான ஊர்ல தேடுறோமோ?' என்று போலீஸையே யோசிக்க வைப்பதுதான். அந்தக் கேள்வியை 1979-லேயே யாராவது கேட்டிருந்தால்..?